படம் பளிச், ஏப்ரன்தான் கவலை

சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள இந்த டிஜிட்டல் எக்ஸ்ரே சென்டரில் நெஞ்சுப் படம் எடுக்கும் முறையில் குறை சொல்ல இடமில்லை. எக்ஸ்ரே குழாய்க்கும் படம் பதியும் டிடெக்டருக்கும் நடுவே 180 செ.மீ., மார்பு டிடெக்டர் பக்கம், கதிர் விழும் பரப்பைக் குறுக்கும் கொலிமேட்டரின் வெளிச்சச் சதுரம் நுரையீரல் அளவுக்கு மட்டும். அந்தச் சதுரம் அகலமானால் வேண்டாத உறுப்புக்கும் கதிர் விழும், சிதறல் கூடிப் படமும் மங்கும். கர்ப்பமா என்று பெண்களைத் தனியாகக் கேட்ட பிறகே உள்ளே விடுகிறார்கள்.

கோளாறு ஏப்ரனில், அதாவது கதிரைத் தடுக்க மேலே போட்டுக்கொள்ளும் ஈய அங்கியில். 0.25 மி.மீ. ஈயச் சமானம், அதாவது அந்தத் தடிமன் ஈயத் தகட்டுக்கு ஈடு என்று லேபிள் சொல்கிறது. ஆனால் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி நாலாக மடித்து நாற்காலியில் கிடக்கிறது. மடிப்பில் உள்ளிருக்கும் ஈய ரப்பர் வெடிக்கும், மேல்துணி புதுசு போலவே இருக்கும். அகலமான ஹேங்கரில் தொங்கவிட்டு, வருஷம் ஒரு தடவை ஏப்ரனையே படம் எடுத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும்.

டெக்னீஷியன் வாங்கும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் ஆணியில் தொங்குகிறது. ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்தினால்தான் மூன்று மாத அளவு அவருடையது. இல்லையென்றால் அது சுவர் வாங்கிய கதிர். ஊழியருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரின் அலகு) என்ற வரம்பை அப்புறம் எதை வைத்துச் சரிபார்ப்பது?

குழந்தையைப் பிடிக்க அம்மாவோ அப்பாவோ ஏப்ரனோடு, நேர்க்கதிருக்கு வெளியே நிற்க வேண்டும். இங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் சென்டரில் வேலை செய்யும் ஆயாவையே நிறுத்துகிறார்கள், ஒவ்வொரு தடவையும் சிதறும் கதிர் அவர் மேலேயே சேரும். இது பெரிய தப்பு.

கட்டணம் நியாயம், ரிப்போர்ட் அரை மணியில். ஐந்துக்கு மூன்று.