வீட்டில் காருக்கு பெயிண்ட்: பிரைமர் வேண்டுமா, வேண்டாமா?

கலருக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமர் வேண்டுமா என்பதற்கு, மொத்தக் காருக்கும் ஒரே பதில் தேடுவதால்தான் இவ்வளவு குழப்பம். ஒரே காரில் பானட்டுக்கு ஒரு பதில், கதவுக்கு வேறு பதில் வரலாம். அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு.

கம்பெனி பெயிண்ட் உரியாமல், துரு பிடிக்காமல், நிறம் மட்டும் மங்கியிருந்தால் பிரைமர் தேவையில்லை. எண்ணெய்ப் பசையும் மெழுகும் போகத் துடைத்து, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) பளபளப்பு முழுக்க மறையும்வரை தேய்த்து, நேராகக் கலரை அடிக்கலாம். மெட்டாலிக் நிறமென்றால் 800 நம்பர். இங்கே பிரைமர் அடித்தால் செலவும், இன்னொரு முறை தேய்க்கிற வேலையும்தான் மிச்சம்.

அதற்கு முன் ஒரு சோதனை. கண்ணில் படாத இடத்தில் தின்னரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் துணியில் ஏறினாலோ, பரப்பு பிசுபிசுத்தாலோ, முன்பு யாரோ மலிவு பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புது பெயிண்டின் தின்னர் அதைக் கிளப்பிச் சுருக்கிவிடும். அந்த அடுக்கைச் சுரண்டி எடுத்துவிடுவதுதான் நல்லது.

தகடு தெரிகிற இடத்தில் பேச்சே இல்லை, பிரைமர் கட்டாயம். கலர் பெயிண்ட் வெறும் இரும்பில் சரியாக ஒட்டாது. சீக்கிரமே கொப்புளம் கிளம்பும். சின்ன கீறலுக்கு ஸ்ப்ரே டப்பா பிரைமர் போதும். ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். அடித்துவிட்டு மழையில் நிறுத்தினால் அடியில் துரு பிடிக்கும். கதவு முழுக்க என்றால் ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலக்கும் எபாக்ஸி பிரைமரைத்தான் நான் சொல்வேன், அது தகட்டை மூடிக் காக்கும். காற்றோட்டமான இடமும், ரசாயனப் புகையை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொண்டு இதைச் செய்யவே கூடாது.

பள்ளத்தை நிரப்பப் பட்டி பார்த்த இடத்தையும் விட்டுவிடாதீர்கள். பட்டி பெயிண்டை உறிஞ்சும். பிரைமர் இல்லாவிட்டால் சில நாளில் அதன் ஓரம் வளையமாகத் தெரியும்.

பெயிண்ட் உரிந்து பிளாஸ்டிக் தெரியும் பம்பருக்கு, பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமர்தான். மற்றது செதில் செதிலாக உரியும்.

அப்புறம், இரும்பு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய ரெட் ஆக்சைடு பிரைமர் வீட்டில் கிடக்கிறதே என்று காருக்கு எடுக்காதீர்கள். கார் பெயிண்டின் தின்னர் பட்டதும் அது சுருங்கிக் கிளம்பும், மொத்தத்தையும் சுரண்ட வேண்டிவரும்.