கழித்துப்போட்ட லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட்: டர்பனில் மூன்று வருடப் பயன்பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கத்துத் தமிழ் வகுப்புகளுக்கு வந்து சேரும் லேப்டாப்கள் பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துக் கொடுத்தவை. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 அல்லது 8 ஜிபி ரேம். அப்படிப்பட்டவற்றில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை 2022 முதல், மின்ட் 21இல் தொடங்கி மின்ட் 22 வரை, ஓட்டியதில் தெரிந்தவை இவை.

இயங்குதளங்களுக்கு மவுசு கூடுவதும் குறைவதும் ரசனையால் என்பதைவிட ஆதரவு முடியும் தேதியால்தான். விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரலில் நின்றது, விண்டோஸ் 7 2020 ஜனவரியில். அப்போதெல்லாம் பெரும்பாலும் அதே மெஷினில் அடுத்த விண்டோஸைப் போட்டுக்கொள்ள முடிந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10 முடிந்தபோது அந்த வழி அடைபட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையும் கேட்கிறது. நல்ல கீபோர்டும் திரையும் உள்ள மெஷினைத் தூக்கிப்போடச் சொல்வது வகுப்புகளுக்குக் கட்டுப்படியாகாது. லினக்ஸ் பக்கம் ஆட்கள் திரும்ப இதுதான் காரணம்.

இந்த நாட்டுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. மின்ட்டுக்கு அடித்தளமான உபுண்டுவை 2004இல் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் வெல்கம் நகரில் பிறந்தவர். உபுண்டு என்ற பெயரே இங்குள்ள ஜூலு, கோசா மொழிகளின் சொல். இணையம் விலையாக இருந்த காலத்தில், சிடியைக் கொண்டுபோய் லினக்ஸை இலவசமாகப் பதிந்துகொள்ள 'ஃப்ரீடம் டோஸ்டர்' பெட்டிகளை இங்கே வைத்திருந்தார்கள்.

நிறுவுவதற்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும்; விண்டோஸில் ஓடும் ரூஃபஸ் என்ற கருவியால் மின்ட்டை அதில் எழுதிக்கொள்ளலாம். முதலில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப் சில மெஷின்களில் எழும்பாது. போனை யூஎஸ்பியில் மாட்டி இணையம் கொடுத்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரில் உரிய டிரைவரைப் போட்டால் வந்துவிடும். ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்றால் பயாஸில் (மெஷின் எழும்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சேமிப்பு 'ரெய்டு' என்றிருக்கும், 'ஏஹெச்சிஐ' ஆக்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்பவர்கள் அதை மாற்றும் முன் விண்டோஸை சேஃப் மோடில் எழும்ப அமைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது எழும்பாது. டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற விரைவுத் தொடக்க வசதியை அணைக்காவிட்டால் அதன் டிரைவில் மின்ட்டிலிருந்து எதையும் எழுத முடியாமல் போகும்.

விண்டோஸ், மின்ட் இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் கடிகாரம் இரண்டு மணி நேரம் பிசகும். பேட்டரி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம். மெஷினின் கடிகாரத்தை லினக்ஸ் யூடிசி என்ற உலகப் பொது நேரமாகக் கொள்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாக. தென்னாப்பிரிக்கா யூடிசிக்கு இரண்டு மணி முன்னே இருப்பதால் அதே அளவு வித்தியாசம். மின்ட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும்.

தமிழ் விஷயத்தில்தான் அதிகப் பொறுமை வேண்டும். தமிழ் அடிக்க உதவும் அழகி, என்எச்எம் ரைட்டர் இரண்டும் விண்டோஸுக்கானவை. மின்ட்டில் அதே வேலையைச் செய்யும் ஐபஸ்ஸும் அதன் எம்17என் தொகுப்பும் நிறுவி, லாக் அவுட் செய்து வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு விசைப்பலகைகள் எல்லாம் கிடைக்கும். வெளியேறி வர மறந்துவிட்டு 'தமிழ் வரவில்லை' என்பவர்கள்தான் பாதிப் பேர்.

காவடிக்கு அச்சடிக்கும் பாட்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்காக இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் அதே வரி ஆங்கில எழுத்திலும் இருக்கும். விண்டோஸில் லதா அல்லது நிர்மலா எழுத்துருவில் செய்த அந்தக் கோப்பை மின்ட்டோடு வரும் அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் வேறொன்று வந்து உட்காரும். அகலம் மாறி, தமிழ் வரி மடங்கி, எதிர்வரி ஒரு படி கீழே போகும். நான்கு பக்கம் ஐந்தாகும். இரு பக்கத்தையும் அட்டவணைக் கட்டத்துக்குள் வரிக்கு வரி வைத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுக்கு மாற்றி, பிடிஎஃப் ஆக்கிய பின்பே அச்சுக்குக் கொடுங்கள். லிப்ரே ஆஃபீஸில் தமிழுக்கான எழுத்துரு ஆங்கிலத்துக்கானதிலிருந்து தனி அமைப்பு. மொழி அமைப்புகளில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' இயக்கினால்தான் அது தென்படும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பாடல்கள் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். அந்த எழுத்துருவைத் தேடி அலைவதைவிட யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது, இன்னும் இருபது வருடம் கழித்தும் திறக்கும்.

மின்வெட்டு குறைந்திருந்தாலும் அதற்கு ஆயத்தமாகவே இருங்கள். அப்டேட் ஓடும்போது மின்சாரம் போனால் தொகுப்புகள் பாதியில் நின்று, அடுத்து எதையும் நிறுவ விடாது. பேட்டரி செத்த லேப்டாப்பில் இது நிச்சயம் நடக்கும். சிஸ்டத்தின் நிலையைப் பதிந்துவைக்கும் டைம்ஷிஃப்டில் வாரம் ஒரு பதிவு, இரண்டு மட்டும் இருப்பு என்று அமைத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். அது சிஸ்டத்தை மட்டுமே காக்கும், பாட்டுக் கோப்புகளைத் தனியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். லிப்ரே ஆஃபீஸின் தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடம் என்றிருக்கும். அதை 2 ஆக்குங்கள்.

வேகத்துக்கு ரேமைவிட, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் 240 ஜிபி எஸ்எஸ்டிதான் முதல் செலவு. 4 ஜிபி ரேமில் பிரவுசரில் ஆறேழு டேபுக்கு மேல் திணறும்.

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் மலர் தயாரிப்பவர்களும் விண்டோஸ் கணக்கு மென்பொருளை நம்பியிருப்பவர்களும் மாற வேண்டாம். அந்த ஒரு மெஷினை மட்டும் விண்டோஸ் 10இன் நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்த்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓடும். மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு.