காகித நுண்ணோக்கியும் ஊருணித் தண்ணீரும்

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் நல்ல நுண்ணோக்கி இருக்கிறது. ஒன்றே ஒன்று. நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிடும். பாதிப் பேர் பார்த்தது தங்கள் கண்ணிமை மயிரைத்தான். அந்த எரிச்சலில்தான் கைக்காசு போட்டு இருபது ஃபோல்ட்ஸ்கோப் வாங்கினேன்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கி இது. 2014இல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை, உதிரிப் பொருள்களின் அடக்கவிலை ஒரு டாலருக்கும் குறைவு என்கிறது. கடை விலை அதைவிடக் கூடுதல். டாலர் கணக்கை நம்பிப் பணப்பையைத் திறக்காதீர்கள். நீரில் ஊறாத தாள், மிளகைவிடச் சிறிய கண்ணாடி உருண்டை, சில காந்தங்கள், அவ்வளவுதான். 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

மடிக்கப் பத்து நிமிடம் போதுமாம். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. “சார், அந்த மடிப்பைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்கள்” என்று திருத்தியது எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். உருண்டை வில்லை என்பதால் நடுவில் தெளிவு, ஓரமெல்லாம் மங்கல். கட்டைவிரலால் நகர்த்திக் கூர்மைப்படுத்த வேண்டும். அடுத்தவர் கைக்கு மாறினால் மறுபடி முதலிலிருந்து. காந்தத்தால் கைப்பேசியின் கேமராவில் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். வெளிச்சத்துக்கு வானத்தைப் பார்த்துப் பிடிக்கலாம், சூரியனை நோக்கி மட்டும் கூடவே கூடாது. இதை நான் மூன்று முறை கத்த வேண்டியிருந்தது.

ஊருணிப் பாசியில் வோர்ட்டிசெல்லா என்ற ஒற்றைச் செல் உயிரி கிடைத்தது. சுருள்கம்பி போன்ற காம்பின் நுனியில் குட்டி மணி. கண்ணாடித் தகட்டைத் தட்டினால் காம்பு சட்டென்று சுருங்கிவிடும். “தொட்டாற்சிணுங்கி!” என்று ஒருத்தி கூவ, வகுப்பு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது.

அப்போதுதான் 2019இல் பிரகாஷ் குழு நேச்சர் அறிவியல் இதழில் எழுதியதைச் சொன்னேன். ஸ்பைரோஸ்டோமம் என்ற ஒற்றைச் செல் உயிரி சில மில்லிநொடிகளில் சுருங்குகிறது. அதனால் எழும் நீர்ச்சுழல் பக்கத்தில் இருப்பதையும் சுருங்க வைக்கிறது. கூட்டம் நெருக்கமாக இருந்தால் செய்தி அலையாகப் பரவுகிறது. “நம்முடையதும் அப்படிச் செய்யுமா, சார்?” எனக்குத் தெரியாது, அதை அப்படியே சொன்னேன்.

மூன்று நாள் கைப்பேசியில் படம்பிடித்து, மெதுவாக ஓட்டி எண்ணினார்கள். எது முதலில் சுருங்கியது, எது பிறகு என்று நோட்டில் கோடு போட்டார்கள். பக்கத்துக் காம்பு இழுத்ததால் சுருங்கியதா, யாரோ மேசையை இடித்ததாலா என்று பிரித்தறிய முடியவில்லை. இப்போது மேசையை விட்டுவிட்டு, வராந்தாத் தரையில் நான்காக மடித்த சாக்கின்மேல் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் நடக்க எனக்கும் அனுமதி இல்லை.

இன்னும் இருபது வாங்கப் போகிறேன்.