ஏழு வருஷமா குவாண்டம் சிமுலேஷன் ஓட்டின அனுபவம்

கிட்டத்தட்ட ஏழு வருஷமா டிஎஃப்டி, அதாவது எலக்ட்ரான் அடர்த்திய வெச்சு எனர்ஜியையும் வடிவத்தையும் கண்டுபிடிக்கற குவாண்டம் கால்குலேஷன், ஓட்டிட்டு இருக்கேன். மூலக்கூறு, ரியாக்‌ஷன்னா ஓர்கா, படிகம், மேற்பரப்புன்னா குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ, பெரும்பாலும் இந்த ரெண்டு சாஃப்ட்வேர்தான். புதுசா வர்றவங்க எல்லாரும் எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னுதான் முதல்ல கேக்கறாங்க. எனக்கு சாஃப்ட்வேரால வந்த பிரச்சனை ரொம்ப கம்மி, நான் என்ன கேள்வி கேட்டேங்கறதுலதான் அடிபட்டேன், அதனால அதையே விரிவா எழுதறேன்.

ஆரம்பத்துல தண்ணி மூலக்கூறு போட்டுப் பாத்தேன், ஓ-ஹெச் நீளம் 0.96 ஆங்ஸ்ட்ராம், கோணம் 104 டிகிரிக்குப் பக்கம்னு சில நொடில வந்து நின்னுச்சு, பரிசோதனையில அளந்த எந்த எண்ணையும் நான் குடுக்கல, எந்த அணு எங்க இருக்குன்னு தோராயமா மட்டும் சொன்னேன், மீதி அதுவா வந்தது. அந்த சந்தோஷம் இன்னும் போகல. தண்ணியில இருக்கற 10 எலக்ட்ரானோட அலைச்சார்பை (அதுங்க நிலைய முழுசா சொல்ற சார்பு) நேரா எழுதணும்னா இடத்துக்கு மட்டுமே 30 மாறிகள் வேணும், ஆனா எலக்ட்ரான் அடர்த்திய எடுத்துக்கிட்டா மூணே மாறிதான், அடிநிலைக்கு (எனர்ஜி ரொம்ப குறைஞ்ச நிலை) அந்த அடர்த்தியே போதும்னு 1964-ல ஹோஹன்பெர்க்கும் கோனும் நிரூபிச்சாங்க, அடுத்த வருஷம் அத நடைமுறையில கணக்கு போட வெக்கற கோன்-ஷாம் சமன்பாடு வந்துச்சு, 1998-ல வால்டர் கோனுக்கும் ஜான் போப்பிளுக்கும் நோபல் கிடைச்சுது. சாதாரண லேப்டாப்புல இதெல்லாம் ஓடுதுன்னா அந்த வேலையாலதான்.

என்னோட பெரிய தப்பு ஆக்சிஜன்ல நடந்துச்சு. ஒரு ஆக்சிஜனேற்ற ரியாக்‌ஷன்ல படிப்படியா எனர்ஜி கணக்கு போட்டுட்டு இருந்தேன், இன்புட்ல மல்ட்டிப்ளிசிட்டி (ஜோடியில்லாத எலக்ட்ரான பொறுத்த எண், அப்படி ஒண்ணும் இல்லேன்னா 1) எல்லா மூலக்கூறுக்கும் 1-னு போட்டு பழகினதால ஓ2-க்கும் 1-னே போட்டுட்டேன். ஓ2-க்கு அடிநிலை டிரிப்லெட், அதாவது ஜோடியில்லாத எலக்ட்ரான் ரெண்டு, அதனால 3-னு போடணும். கால்குலேஷன் ஒழுங்கா முடிஞ்சுது, எஸ்சிஎஃப் (விடை மாறாம நிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப போடற கணக்கு) கன்வர்ஜ் ஆச்சு, ஒரு எச்சரிக்கை கூட இல்ல, ஆனா அந்த ஓ2 உண்மையான அடிநிலையவிட மோலுக்கு 22 கிலோகலோரிக்கும் மேல உக்காந்திருந்துச்சு, அதனால ரியாக்‌ஷன்ல தேவைக்கு மேல வெப்பம் வெளிவர்ற மாதிரி காட்டுச்சு. ரெண்டு வாரம் அந்த எண்ணை வெச்சு மேல மேல கட்டினேன், பட்டியல்ல இருக்கற ரியாக்‌ஷன் வெப்பத்தோட ஒப்பிட்டப்பதான் பிடிபட்டுச்சு. அதுக்கப்பறம் எந்த வேலைய ஆரம்பிச்சாலும் பரிசோதனை எண் தெரிஞ்ச ஒரு சின்ன ரியாக்‌ஷன அதே செட்டிங்ல ஓட்டிட்டுதான் அடுத்ததுக்குப் போறேன்.

டிரான்சிஷன் ஸ்டேட் (ஆரம்பப் பொருள் விளைபொருளா மாறற வழியில உச்சியில இருக்கற அமைப்பு) தேடறது இதுல ரொம்ப பொறுமை வேணுங்கற இடம். கிடைச்ச அமைப்புல சரியா ஒரே ஒரு இமேஜினரி ஃப்ரீக்வென்சி (அந்தத் திசையில அசைஞ்சா எனர்ஜி குறையும்னு காட்டற அதிர்வு) இருக்கணும், அவுட்புட்ல அது மைனஸ்ல வரும். ஒண்ணு இருக்குன்னு நிம்மதியாகிடாதீங்க, அந்த அதிர்வ அனிமேஷனா ஓட்டிப் பாருங்க, எனக்கு ஒரு தடவ உடையற பிணைப்பு அசையவே இல்ல, ஓரத்துல ஒரு மெத்தில் குரூப் மட்டும் சுத்திட்டு இருந்துச்சு. அப்பறம் ஐஆர்சி (அங்கிருந்து ரெண்டு பக்கமும் கீழ இறங்கற பாதைய தொடர்ற கணக்கு) ஓட்டி ஒரு பக்கம் ஆரம்பப் பொருளும் மறுபக்கம் விளைபொருளும் வருதான்னு பாத்தாதான் அது என் ரியாக்‌ஷனோட டிரான்சிஷன் ஸ்டேட்.

எவ்வளவு துல்லியம் எதிர்பாக்கலாம்னு கேட்டா, அறை வெப்பநிலையில தடை எனர்ஜியில (தாண்ட வேண்டிய மேட்டோட உயரம்) 1.4 கிலோகலோரி தப்பினாலே வேகம் பத்து மடங்கு மாறும், சாதாரண டிஎஃப்டில அதவிட பெரிய பிழை சகஜம். அதனால தனி எண்ண நம்பி நான் வேகம் சொல்றதில்ல, ஒரே மாதிரி ரெண்டு பாதைய ஒப்பிடறதுக்கு மட்டும் தைரியமா பயன்படுத்தறேன், அப்ப பிழைல பெரும்பகுதி ரெண்டு பக்கமும் கழிஞ்சிடுது. கரைப்பான விட்டுட்டா அதுவும் போச்சு. குளோரைடு அயனி மெத்தில் குளோரைட தாக்கி அதுல இருக்கற குளோரின வெளியேத்தற எஸ்என்2 ரியாக்‌ஷன்ல வாயு நிலையில தடை ரெண்டு மூணு கிலோகலோரிதான், தண்ணியில 26-க்குப் பக்கம் போகுது, ஏன்னா சின்ன அயனிய சுத்தி இறுக்கமா நிக்கற தண்ணி, சார்ஜ் பரவின டிரான்சிஷன் ஸ்டேட்ட அந்த அளவுக்கு தாங்கறதில்ல.

பி3எல்ஒய்பிங்கற ஃபங்ஷனல (டிஎஃப்டில எலக்ட்ரான் எனர்ஜிய தோராயமா குடுக்கற சூத்திரம்) தனியா போட்டா பென்சீன் வளையம் ரெண்டு ஒண்ணுமேல ஒண்ணு நிக்காது, தள்ளிட்டுப் போகும், ஏன்னா டிஸ்பர்ஷன் ஈர்ப்பு (மூலக்கூறுகளுக்கு நடுவுல இருக்கற மெல்லிய ஈர்ப்பு) அதுல இல்ல. அந்த ஈர்ப்புக்கான டி3 அல்லது டி4 திருத்தம் சேக்கறதுக்கு செலவு ஏறக்குறைய ஒண்ணுமே இல்ல, சேக்காம விடறதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல.

நேர விஷயம் சுருக்கமா: மூலக்கூறு ரெண்டு மடங்கானா டிஎஃப்டி சுமார் எட்டு மடங்கு நேரம் எடுக்கும், அதவிட துல்லியமான சிசிஎஸ்டி(டி) முறை 128 மடங்கு. அதனால நான் எக்ஸ்டிபிங்கற வேகமான தோராய முறைல நிறைய வடிவங்கள சலிச்சு, நல்லதா தெரியறத டிஎஃப்டில சீர்பண்ணி, கடைசி எனர்ஜிய மட்டும் டிஎல்பிஎன்ஓ-சிசிஎஸ்டி(டி)ல, அதாவது சிசிஎஸ்டி(டி)யோட செலவு குறைஞ்ச வடிவத்துல, எடுக்கறேன். முப்பது நாப்பது அணு வரைக்கும் நல்ல டெஸ்க்டாப்பே தாங்குது, அதுக்கு மேல க்ளஸ்டர் வேணும்.

படிக வேலைல பிபிஇங்கற ஃபங்ஷனல் குடுக்கற அணு அமைப்பு எனக்கு எப்பவுமே உபயோகமா இருந்திருக்கு, ஆனா பேண்ட் கேப் (எலக்ட்ரான் இருக்க முடியாத எனர்ஜி இடைவெளி) வேற கதை, சிலிக்கானுக்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் வரணும், பிபிஇ 0.6 தான் சொல்லும், ஹெச்எஸ்இ06 ஃபங்ஷனல் போட்டா சரிக்கு வரும், ஆனா ரொம்ப நேரம் பிடிக்கும். மேற்பரப்புல இன்னும் கஷ்டம். பிளாட்டினம் 111 முகத்துல (படிகத்த ஒரு குறிப்பிட்ட திசையில வெட்டின மேற்பரப்பு) கார்பன் மோனாக்சைடு ஒரு அணுவோட தலைமேல ஒட்டுதுன்னு பரிசோதனை சொல்லுது, பிபிஇ மாதிரி ஃபங்ஷனல் மூணு அணுவுக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல போய் உக்காத்தி வெக்குது, 2001-லேயே இத தெளிவா எழுதிட்டாங்க. கே-பாயின்ட் (படிகக் கணக்குல மாதிரி எடுக்கற புள்ளிகள்) கூட்டிப் பாத்தேன், அணு அடுக்கு கூட்டிப் பாத்தேன், எனக்கும் பள்ளம்தான் வந்துச்சு. இப்போ பிளாட்டினம் மேல யாராவது வினையூக்கி கணக்கு கொண்டு வந்தா, அவங்க கார்பன் மோனாக்சைட எங்க வெச்சிருக்காங்கன்னுதான் முதல்ல பாக்கறேன்.