தோட்டத்துக் கொட்டகைக்குக் கீற்றா, விழலா?

சோழவந்தான் பக்கம் தென்னைக்குப் பஞ்சமில்லை. அதனால் கொட்டகை என்றாலே கீற்றைத்தான் நினைக்கிறோம். ஊறவைத்து முடைந்த கீற்றைச் சீக்கிரமே வேய்ந்துவிடலாம், செலவும் குறைவு. ஆனால் ஓரிரு வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். கல்யாணப் பந்தல் என்றால் சரி, அது போதும்.

நின்று நிலைக்கும் கொட்டகைக்கு நான் விழல் என்னும் கூரைப்புல்லைத்தான் சொல்வேன். நன்றாகக் காய்ந்த புல்லைப் பிடிபிடியாகக் கட்டி, கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் தொடங்கி முகடு வரை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நெருக்கமாக அடுக்க வேண்டும். சரிவு 45 பாகை இருந்தால் ஐப்பசி மழை தங்காமல் வழிந்துவிடும். சரிவு குறைந்தால் ஈரம் உள்ளே இறங்கிப் புல் மக்கும். ஆள்கூலி கூடுதல்தான். அப்புறம் பல வருடம் கவலையில்லை, சித்திரை வெயிலிலும் உள்ளே அத்தனை குளுமை!

நெருப்புப் பயம் இரண்டுக்குமே உண்டு. அடுப்பைத் தள்ளியே வையுங்கள்.