162 மேட்ச் சீசனுக்கு ஒரு ஸ்கோர்புக்: எட்டு மாசம் எழுதிப் பார்த்த அனுபவம்

2025 மார்ச்ல ஒரு பேஸ்பால் ஸ்கோர்புக் வாங்கினேன். பச்சை அட்டை, ஸ்பைரல் பைண்டிங், ஒரு புக்ல 100 மேட்ச் எழுதலாம், இடது பக்கம் விசிட்டிங் டீம், வலது பக்கம் ஹோம் டீம். டொராண்டோ ப்ளூ ஜேஸ் சீசன் முழுக்க இதுலயே எழுதினேன், எல்லா மேட்ச்சும் இல்ல, வேலை இருக்கு, வீடு இருக்கு, ஆனா ஒரு புக் தீர்ந்து ரெண்டாவது வாங்குற அளவுக்கு எழுதிட்டேன். அதனால இத பத்தி சொல்ல எனக்கு நிறைய இருக்கு. முதல்லயே சொல்லிடறேன், பேப்பர் அருமை, கட்டம் அருமை, ஆனா டிசைன் பண்ணவங்க ரொம்ப நீளமா போற மேட்ச்ச யோசிக்கவே இல்ல.

தெரியாதவங்களுக்கு, ஸ்கோர் எழுதறதுன்னா என்னன்னு கொஞ்சம் சொல்றேன். ஒவ்வொரு பேட்டருக்கும் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் ஒரு சின்ன கட்டம், உள்ள ஒரு டைமண்ட், அதோட நாலு பக்கமும் நாலு பேஸ், ஆள் எத்தன பேஸ் வந்தாரோ அத்தன பக்கம் கோடு. ஃபீல்டிங் பண்றவங்களுக்கு நம்பர் உண்டு, பிட்சர் 1, கேட்சர் 2, அப்புறம் மூணு பேஸ்லயும் நிக்கிறவங்க வரிசையா 3, 4, 5, ஷார்ட்ஸ்டாப் 6, அவுட்ஃபீல்ட் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் பிடிச்சு ரெண்டாவது பேஸுக்கு போட்டு அங்கேருந்து முதல் பேஸுக்கு போனா 6-4-3, அவ்வளவுதான், ஒரு டபுள் ப்ளே, அதாவது ஒரே பந்துல ரெண்டு அவுட், முழுசா மூணு நம்பர்ல அடங்கிடும். ஸ்ட்ரைக்அவுட்டுக்கு கே, பேட்ட வீசாமலே நின்னு அவுட் ஆனா அந்த கே-ய கண்ணாடில தெரியற மாதிரி இடம் வலமா திருப்பி எழுதணும். இந்த கே எழுத்து ஹென்றி சாட்விக்னு 19ம் நூற்றாண்டு ரிப்போர்ட்டர் ஒருத்தர் கொண்டு வந்தது, அவர் பேஸ்பாலுக்கு வர்றதுக்கு முன்னாடி கிரிக்கெட் ரிப்போர்ட் பண்ணிட்டு இருந்தவர். இத எங்கப்பாகிட்ட சொன்னப்போ அவருக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா அவர் சின்ன வயசுல கிளப் மேட்ச்சுக்கு எல்லாம் ஸ்கோரர். "அப்போ நம்மாளுதான்டா"ன்னார். அன்னைலேர்ந்து நான் எழுத, அவர் பக்கத்துல உக்காந்து கூட்டிப் பார்த்து சரியா இருக்கான்னு செக் பண்ணுவார்.

இப்போ புக்குக்கு வர்றேன். பேப்பர் நல்ல கெட்டி, லேசான க்ரீம் கலர், ராத்திரி விளக்கு வெளிச்சத்துல கண்ணுக்கு உறுத்தாது. ஜெல் பேனா மறுபக்கம் தெரியல, பென்சில்ல எழுதி அழிச்சாலும் பேப்பர் உரியல, இது பெரிய விஷயம், ஏன்னா ரேடியோ கேட்டு எழுதறப்போ தப்பு வரும், ஹிட்டா எர்ரரான்னு (பேட்டரோட திறமையா, ஃபீல்டரோட தப்பான்னு) அஃபிஷியல் ஸ்கோரர் பத்து நிமிஷம் கழிச்சு மாத்துவாங்க, அழிச்சு அழிச்சுதான் எழுதணும். டைமண்ட் கோடு ரொம்ப லேசா அச்சடிச்சிருக்காங்க, நாம மேல போட்டு இழுத்தா மட்டும்தான் தெரியும், ரன் வந்தா உள்ள நிரப்பிடுவோம், அப்போ பக்கத்த தூரத்துலேர்ந்து பார்த்தாலே எந்த இன்னிங்ஸ்ல அடி விழுந்துச்சுன்னு தெரிஞ்சிடும். என் புக்கோட முதல் பக்கம் மார்ச் 27, ஓப்பனிங் டே, ஓரியோல்ஸ் 12, ஜேஸ் 2. இடது பக்கம் பூரா கருப்பு டைமண்ட், வலது பக்கம் வெறிச்சோடி கிடக்கு. டைலர் ஓ'நீல் தொடர்ச்சியா ஆறாவது ஓப்பனிங் டேல ஹோம் ரன் அடிச்ச மேட்ச் அது. முந்தின வருஷம் 74 வெற்றி 88 தோல்வி, டிவிஷன்ல, அதாவது எங்க பிரிவுல, கடைசி, அந்த வலியோட புது புக்க திறந்தா முதல் பக்கமே இப்படி.

ஏப்ரல், மே பக்கங்கள பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. விளாடிமிர் குரேரோ ஜூனியருக்கு 14 வருஷம் 500 மில்லியன் டாலர் காண்ட்ராக்ட் போட்டாங்க, ஊரே கொண்டாடிச்சு, ஆனா டீம் ஒரு நாள் ஜெயிக்கும் ஒரு நாள் தோக்கும், கே கே கேன்னு நிறைய, ஆள் ரெண்டாவது மூணாவது பேஸ்ல நின்னபடியே இன்னிங்ஸ் முடிஞ்சிடும். அந்த பாதி வரைஞ்ச டைமண்ட் இருக்கே, ரெண்டு பக்கம் கோடு இழுத்து அப்படியே நின்னுபோனது, அதுதான் மே மாசம் பூரா.

அப்புறம் ஜூன் 30லேர்ந்து நாலு மேட்ச் யாங்கீஸ் கூட, எங்க ஸ்டேடியம் ராஜர்ஸ் சென்டர்ல. ஜூலை 1 கனடா டே அன்னைக்கு 500 லெவல்ல டிக்கெட் கிடைச்சுது, புக்க தூக்கிட்டு போனேன். மேல உக்காந்தா எல்லா ஃபீல்டரும் ஒரே பார்வைல தெரிவாங்க, ஸ்கோர் எழுத அதவிட நல்ல இடம் இல்ல. ஸ்பைரல் பைண்டிங்கோட அருமை அங்கதான் புரிஞ்சுது, புக்க முழுசா பின்னாடி மடக்கி தொடை மேல வெச்சுக்கலாம், பக்கத்து சீட்காரங்களுக்கு முழங்கை இடிக்காது, அட்டை கெட்டியா இருக்கறதால டேபிள் தேவையில்ல. அன்னைக்கு ஜார்ஜ் ஸ்பிரிங்கர் ரெண்டு ஹோம் ரன், அதுல ஒண்ணு கிராண்ட் ஸ்லாம், அதாவது மூணு பேஸ்லயும் ஆள் நிக்கறப்போ அடிச்ச ஹோம் ரன், ஒத்த ஆளு அடிச்சதுல 7 ரன் (ஆர்பிஐ), 12-5. கிராண்ட் ஸ்லாம் விழுந்தா நாலு டைமண்ட ஒரே நேரத்துல நிரப்பணும், சுத்தி எல்லாரும் எழுந்து குதிக்கிறாங்க, நான் உக்காந்து நாலு கட்டத்த கருப்பாக்கிட்டு இருக்கேன், கை நடுங்கி ஒரு கட்டம் கோட்ட தாண்டி போயிருக்கு. அந்த கறை இன்னும் இருக்கு, அழிக்கவே மாட்டேன். நாலு மேட்ச்சும் ஜெயிச்சாங்க.

குறைன்னு பார்த்தா முதல் குறை பேட்டர் வரிசை. ஒவ்வொரு பேட்டிங் இடத்துக்கும் ரெண்டே ரெண்டு வரிதான் கொடுத்திருக்காங்க, ஸ்டார்ட் பண்றவருக்கு ஒண்ணு, மாத்தி வர்றவருக்கு ஒண்ணு. ஜேஸ் மேனேஜர் ஜான் ஷ்னைடர் ஆள மாத்திக்கிட்டே இருக்கறவர், லெஃப்ட் ஹேண்ட் பிட்சர் வந்தா ஒருத்தர், ரைட் ஹேண்ட் வந்தா இன்னொருத்தர், அப்புறம் பின்ச் ரன்னர் (ஓடறதுக்குன்னு மாத்தி வர்றவர்), ஒரே இடத்துல மூணு பேர் வர்ற நாள் உண்டு. மூணாவது பேர மார்ஜின்ல நுணுக்கி எழுத வேண்டியிருக்கு. மூணு வரி கொடுத்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். ரெண்டாவது குறை பிட்சர் டேபிள், ஆறு வரிதான் இருக்கு. செப்டம்பர்ல லீட் கரைஞ்சு யாங்கீஸ் பின்னாலயே வந்து சமமா நின்னப்போ ஒவ்வொரு மேட்ச்சும் புல்பென்ன, அதாவது மாத்தி வர்ற பிட்சருங்கள, தட்டி எழுப்பற மேட்ச்தான், அந்த ஆறு வரி பல நாள் பத்தல. கடைசி நாள் செப்டம்பர் 28, ரேஸ் கூட 13-4, அலெஹான்ட்ரோ கர்க் ரெண்டு ஹோம் ரன், ஜேஸும் யாங்கீஸும் 94-68ல முடிச்சு, நேருக்கு நேர் மோதினதுல ஜேஸ் 8-5ன்னு முன்னாடி இருந்ததால டிவிஷன் நமக்கு. அந்த எட்டு ஜெயிப்புல நாலு, ஜூன் 30லேர்ந்து நான் எழுதின அந்த நாலு மேட்ச். புக்க திருப்பி எடுத்து வெச்சு பார்த்தேன், ஜூலை மாசத்து ஒரு இன்னிங்ஸ் செப்டம்பர் கடைசி நாள்ல வந்து கை கொடுக்குது, இத ஸ்டாண்டிங்ஸ் டேபிள்ல பார்த்தா இப்படி உறைக்காது.

பெரிய குறை அக்டோபர்லதான் தெரிஞ்சுது. இந்த புக்ல 12 இன்னிங்ஸுக்குத்தான் காலம், அதாவது நெட்டு வரிசை, இருக்கு. வேர்ல்ட் சீரிஸ்னா சீசன் கடைசில வர்ற ஃபைனல், நாலு மேட்ச் ஜெயிக்கணும், எங்களுக்கு எதிர்ல லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ். அதுல முதல் மேட்ச்லயே ஆறாவது இன்னிங்ஸ்ல ஜேஸ் 9 ரன், அடிசன் பார்ஜர் பின்ச் ஹிட்டரா (மாத்தி வந்த பேட்டரா) வந்து கிராண்ட் ஸ்லாம், வேர்ல்ட் சீரிஸ் சரித்திரத்துலயே பின்ச் ஹிட்டர் அடிச்ச முதல் கிராண்ட் ஸ்லாம் அதுதான். ஒரே இன்னிங்ஸ்ல பேட்டிங் வரிசை முழுசா சுத்தி வந்துட்டா அடுத்த காலத்த கடன் வாங்கணும், அப்போ ஏழாவது இன்னிங்ஸ் எட்டாவது காலத்துக்கு போகும், மேல அச்சடிச்ச நம்பர அடிச்சு மாத்தி எழுதணும். அது சந்தோஷமான அவஸ்தை, 11-4 ஜெயிச்சாச்சு, சமாளிச்சேன்.

மூணாவது மேட்ச் அப்படியில்ல. அக்டோபர் 27, லாஸ் ஏஞ்சல்ஸ்ல, இங்க ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிச்சுது. அப்பாவும் நானும் கிச்சன் டேபிள்ல, டிவி சத்தத்த குறைச்சுட்டு ரேடியோ வெச்சிருந்தோம். 5-5, ஒன்பதாவது, பத்தாவது, பதினொண்ணு, பன்னிரண்டு, புக்ல இடம் முடிஞ்சுது. பக்கத்த திருப்பி அடுத்த மேட்ச்சோட பக்கத்துல முதல் காலத்துக்கு மேல 13ன்னு எழுதினேன். பேட்டர் பேரெல்லாம் மறுபடியும் எழுதணும், மாத்தி வந்தவங்களோட சேர்த்து ஒவ்வொரு பேரா, அதுக்குள்ள ரேடியோல ரெண்டு பேர் அவுட். பிட்சருங்க ரெண்டு டீமும் சேர்ந்து 19 பேர், டேபிள்ல இடமில்லாம அப்பா ஒரு பழைய கவர கிழிச்சு அது பின்னாடி எழுதிக் கொடுத்தார். டாட்ஜர்ஸ் ஆளு ஷோஹெய் ஓடானியோட வரி மட்டும் பார்த்தா கதையே வேற, முதல்ல டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் போற ஹிட்), ஹோம் ரன், டபுள், ஹோம் ரன், அதுக்கப்புறம் நம்மாளுங்க பயந்து வேணும்னே வாக் கொடுத்தாங்க, அதாவது அடிக்க விடாம சும்மா முதல் பேஸுக்கு அனுப்பினாங்க, நாலு தடவ வரிசையா, கடைசியா இன்னொரு வாக், ஒரே மேட்ச்ல ஒன்பது தடவ பேஸ்ல நின்னிருக்கார், பேட் பண்ண வந்தப்போ ஒரு தடவ கூட அவுட் ஆகல. ராத்திரி மூணு மணி ஆகப்போற நேரத்துல பதினெட்டாவது இன்னிங்ஸ்ல டாட்ஜர்ஸோட ஃப்ரெடி ஃப்ரீமன் ஹோம் ரன் அடிச்சார், 6-5, தோத்துட்டோம். அந்த டைமண்ட நான் நிரப்பல, அப்பாதான் பென்சில வாங்கி நிரப்பினார். "எழுதித்தான்டா ஆகணும், அவங்க ரன்னும் ரன்னுதான்"னார்.

18 இன்னிங்ஸ் தினமும் வராது, ஒத்துக்கறேன். ஆனா 15 காலம் வெச்ச புக்கும் கடைல இருக்கு, அதுல கட்டம் கொஞ்சம் சின்னதா இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இவங்க பின்னாடி நாலு வெத்து பக்கமாவது கொடுத்திருக்கலாம், எக்ஸ்ட்ரா இன்னிங்ஸுக்குன்னு. அதுக்கு பதிலா பேஸ்பால் ரூல்ஸ் சுருக்கம்னு போட்டு பக்கத்த வீணாக்கியிருக்காங்க, ஸ்கோர்புக் வாங்கறவனுக்கு மூணு ஸ்ட்ரைக்னா அவுட்டுன்னு யாரும் சொல்லித்தர வேணாம்.

இந்த புக்ல எனக்கு ரொம்ப பிடிச்ச பக்கம் அஞ்சாவது மேட்ச். நம்ம பிட்சர் ட்ரே யெசாவேஜ், 22 வயசு, செப்டம்பர் நடுவுலதான் மேஜர் லீக்குக்கே வந்தான், சீசன் ஆரம்பத்துல சிங்கிள் ஏ-ல, அதாவது கீழ்மட்ட லீக்ல, இருந்த பையன். டாட்ஜர்ஸ் பக்கம் முழுக்க கே, 12 கே, ஒரு வாக் கூட இல்ல. வேர்ல்ட் சீரிஸ்ல ஒரு ரூக்கி (முதல் சீசன் ஆடறவர்) இத்தன ஸ்ட்ரைக்அவுட் எடுத்ததே இல்ல. ஏழு இன்னிங்ஸ்ல ஒரே ஒரு கருப்பு டைமண்ட். அந்த பக்கத்த போட்டோ எடுத்து ஃப்ரேம் போட்டிருக்கேன், க்ரீம் கலர் பேப்பர்ல கருப்பு எழுத்து அவ்வளவு அழகா வந்திருக்கு.

ஆறாவது மேட்ச்சோட கடைசி கட்டம் 7-4. லெஃப்ட் ஃபீல்டர் ஓடி வந்து கேட்ச் பிடிச்சு ரெண்டாவது பேஸுக்கு போட்டு டபுள் ப்ளே, 3-1ல தோல்வி. அதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் பார்ஜர் அடிச்ச பந்து சுவத்துக்கு அடில சிக்கி நின்னுபோச்சு, அத எழுத எந்த ஸ்கோர்புக்லயும் குறி கிடையாது, டபுள்னு போட்டுட்டு ஓரத்துல "பந்து சிக்கிச்சு"ன்னு எழுதி வெச்சிருக்கேன்.

ஏழாவது மேட்ச் பக்கத்த பத்தி எழுதறதுக்கு எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது. மூணாவது இன்னிங்ஸ்ல நம்ம போ பிஷெட், அன்னைக்கு பிட்ச் பண்ண ஓடானியோட பந்துல அடிச்ச மூணு ரன் ஹோம் ரன், அந்த கட்டத்துல பென்சில் முனை உடைஞ்ச தடம் இருக்கு. ஒன்பதாவதுல ஒரு அவுட் ஆனப்புறம் டாட்ஜர்ஸோட மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடிச்சு 4-4. அதே ஒன்பதாவதோட கீழ் பாதில, நாங்க பேட் பண்றப்போ, பேஸ் மூணும் நிறைஞ்சிருக்கு, ஒரே அவுட், எங்க கைல மேட்ச் இருக்கு, அப்போ 4-2, ரன்னர் ஹோம்ல அவுட், ஒரு அங்குலம் ரெண்டு அங்குலம்தான் இருக்கும், அடுத்து எர்னி க்ளெமென்ட் தூக்கி அடிச்சது எஃப்8, அப்போதான் உள்ள வந்த சென்டர் ஃபீல்டர் ஓடிப் பிடிச்சார். க்ளெமென்ட்டோட ஹிட்ட மட்டும் அப்பா அந்த அக்டோபர் பக்கங்கள்லேர்ந்து எண்ணிட்டே வந்தார், மொத்தம் 30, ஒரே போஸ்ட் சீசன்ல (162 மேட்ச் முடிஞ்சப்புறம் வர்ற ப்ளே ஆஃப்ல) யாரும் அவ்வளவு எடுத்ததில்ல. பதினொண்ணாவதுல டாட்ஜர்ஸோட வில் ஸ்மித் ஹோம் ரன், 5-4. கீழ் பாதில விளாடி டபுள் அடிச்சு மூணாவது பேஸ் வரைக்கும் வந்துட்டார், கர்க் அடிச்சார், பேட் உடைஞ்சுது, ஷார்ட்ஸ்டாப் மூக்கி பெட்ஸ் எடுத்து பேஸ மிதிச்சு முதல் பேஸுக்கு போட்டார். 6-3, டபுள் ப்ளே, சீரிஸ் முடிஞ்சுது, தோத்துட்டோம். விளாடியோட டைமண்ட்ல மூணு பக்கம் கோடு இருக்கு, நாலாவது இல்ல.

அந்த மேட்ச் 12 காலத்துக்குள்ள அடங்கிடுச்சு, ஒரு காலம் மிச்சம்.

யாருக்கு இந்த புக் சரிப்படும்னா, வீட்ல உக்காந்தோ ஸ்டேடியத்துலயோ சீசன் பூரா எழுதணும்னு ஆசைப்படறவங்களுக்கு நிச்சயமா. போன் ஆப்ல ஸ்கோர் தானா வந்து விழுது, உண்மைதான், ஆனா ஆப்ல நான் எந்த மேட்ச்சையும் திரும்பி எடுத்துப் பார்த்ததில்ல, இத பார்க்கிறேன். குழந்தைங்களுக்கு சொல்லிக்கொடுக்கணும்னா கட்டம் பெருசா உள்ள வேற புக் வாங்குங்க, இதுல பால், ஸ்ட்ரைக் குறிக்கற பெட்டி ரொம்ப சின்னது, அவங்க கைக்கு வராது. ப்ளே ஆஃப்ல எழுதறதா இருந்தா ரெண்டு மூணு வெத்து பேப்பர் நடுவுல சொருகி வெச்சுக்கோங்க.

ரெண்டாவது புக்ல இன்னும் பாதிக்கு மேல பக்கம் காலியா இருக்கு. அப்பா இப்போவே ஸ்கேல் வெச்சு ஒவ்வொரு பக்கத்துலயும் மூணாவது வரிக்கு பென்சில் கோடு போட்டுட்டு இருக்கார், அடுத்த ஓப்பனிங் டேக்குள்ள முடிச்சிடுவாராம்.