எச்சரிக்கை மின்னஞ்சல் நின்றுவிட்டதா? புதிய கேமரா வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தித் தந்த நிறுவனத்தையே பழுது பார்க்கவும் அழைப்பவர்கள், அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளும் முன் கேமராவின் அமைப்புப் பக்கங்களைத் தாங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது வெறும் அரைகுறை வேலை என்றுதான் முதலில் தோன்றியது. அதைவிட மோசமான ஒன்று பிறகு தெரியவந்தது.

இணையச் சேவை தருபவர்கள் பழைய ரவுட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த நாளிலிருந்து, ஆள் நடமாட்டம் தெரிந்தால் படத்துடன் வர வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல் வரவில்லை. வெளியிலிருந்து கைப்பேசியில் கேமராவைப் பார்க்கவும் முடியவில்லை. ஆனால் வீட்டு வைஃபைக்குள் இருந்தால் காட்சி தடங்கலின்றித் தெரிந்தது. நிறுவனத்திலிருந்து வந்த பணியாளர் ரவுட்டரில் எதையோ மாற்றினார், கேமராவின் மின் இணைப்பைப் பிடுங்கிச் செருகினார், பிறகு "நெட்வொர்க் போர்டு போயிடுச்சு சார், இந்த மாடலுக்கு இப்ப ஸ்பேர் வர்றதில்ல, புதுசு போட்டுடலாம்" என்றார். போர்டு போயிருந்தால் வீட்டுக்குள் மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, "போகப் போக அதுவும் நின்னுடும்" என்று சொல்லிவிட்டு, வந்து பார்த்ததற்கான கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

விடை திரையிலேயே இருந்தது. காட்சியின் மேல் மூலையில் தேதி 1970 ஜனவரி என்று ஓடிக்கொண்டிருந்தது. இத்தகைய கருவிகள் பலவற்றின் கடிகாரம் 1970 ஜனவரி 1 என்ற புள்ளியிலிருந்துதான் எண்ணத் தொடங்கும். மின்சாரம் போய் வந்ததும் இணையத்திலுள்ள நேர சர்வரிடம் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அது திருந்தவில்லை என்றால் கேமராவால் வீட்டு நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே போக முடியவில்லை என்று பொருள். நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தபோது, நிறுவனத்தார் முதலில் கையால் எழுதி வைத்த நிலையான ஐபி முகவரியும், கேட்வேயாகவும் (வீட்டு நெட்வொர்க்கிலிருந்து வெளியே போகும் வாசல்) டிஎன்எஸ்ஸாகவும் (இணையப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தருவது) பழைய ரவுட்டரின் 192.168.1.1 என்ற எண்ணும் அப்படியே இருந்தன. புதிய ரவுட்டரின் முகவரியோ 192.168.1.254. வாசலை வேறு பக்கம் மாற்றிக் கட்டிய பிறகும் பழைய சுவரில் போய் முட்டுவதைப் போலத்தான் கேமரா அத்தனை நாளும் நின்றிருக்கிறது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கைப்பேசியோடு பேச கேட்வே தேவையில்லை என்பதால் வீட்டுக்குள் காட்சி தெரிந்தது. மின்னஞ்சல் சர்வரின் பெயரை முகவரியாக மாற்றித் தர டிஎன்எஸ் இல்லாததால் மின்னஞ்சல் போகவில்லை. இந்த இரண்டு இடங்களிலும் எண்ணைத் திருத்திச் சேமித்ததும் கடிகாரம் சரியானது, சோதனை மின்னஞ்சலும் வந்து சேர்ந்தது. பழுதான போர்டு எதுவும் அங்கே இல்லை.

அந்தச் சோதனை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். பெறுநர் வரிசையில் என் முகவரிக்கு அடுத்து, எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத இன்னொரு முகவரி இருந்தது. அனுப்புநர் கணக்கும் என்னுடையது அன்று. பொருத்திய நிறுவனத்தின் ஜிமெயில் கணக்கு. ஜிமெயிலின் எஸ்எம்டிபி சர்வர் (மின்னஞ்சலை அனுப்பிவைக்கும் சர்வர்) வழியாகப் போகும் மின்னஞ்சலின் நகல் அந்தக் கணக்கின் அனுப்பியவை பகுதியில் தானாகவே சேர்ந்துவிடும். ஆகவே கேமரா பொருத்திய நாள் முதல் வாசலில் யார் வந்தார், நாங்கள் எப்போது வெளியே போனோம், எப்போது திரும்பினோம் என்பதெல்லாம் நேரத்தோடும் படத்தோடும் இரண்டு வேற்றிடங்களில் குவிந்திருக்கிறது. "எல்லா வீட்டுக்கும் ஒரே செட்டிங்தான் சார் போடுவோம், சோதிக்க வசதியா இருக்கும்" என்பது தொலைபேசியில் கிடைத்த விளக்கம். இது எங்கள் வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே போதும்.

ரவுட்டரில் அவர் மாற்றியது என்ன என்று அதன் பிறகு தேடினேன். வெளியிலிருந்து காட்சி தெரிய வேண்டும் என்பதற்காக, கேமராவின் முகவரியை ரவுட்டரின் டிஎம்இஸட் பகுதியில் போட்டு, வெளியிலிருந்து வரும் இணைப்புகளுக்கான வாயில்களாகிய எல்லாப் போர்ட்களையும் அதன் பக்கம் திறந்துவிட்டிருக்கிறார். கேமராவின் கடவுச்சொல்லோ தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். கேட்வே தவறாக இருந்தவரை கேமராவால் வெளியே பதில் அனுப்ப முடியவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதைத் திருத்திய கணத்திலிருந்து கேமரா இணையம் முழுவதற்கும் திறந்து கிடந்திருக்கிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, மாற்றப்படாத இப்படிப்பட்ட கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான். டிஎம்இஸட்டையும், கருவிகள் தாமாகவே ரவுட்டரில் போர்ட்களைத் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியையும் அணைத்தேன், கடவுச்சொல்லை மாற்றினேன். வெளியிலிருந்து பார்க்க, வீட்டு நெட்வொர்க்குக்குள் பூட்டிய பாதை வழியாக நுழைய விடும் ரவுட்டரின் விபிஎன் இப்போது போதுமானதாக இருக்கிறது.

அனுப்புநர் கணக்கை மாற்றுவோருக்கு ஒரு குறிப்பு. 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்குகளின் வழக்கமான கடவுச்சொல்லைக் கேமரா போன்ற கருவிகளில் கொடுத்தால் கூகுள் ஏற்பதில்லை. கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, கேமராவுக்கென்றே 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்கி அதைத்தான் இட வேண்டும். சர்வர் smtp என்று தொடங்கும் ஜிமெயில் முகவரி, போர்ட் 587 அல்லது 465. பழைய 25ஆம் போர்ட்டை இணையச் சேவை நிறுவனங்கள் பல அடைத்தே வைத்திருக்கின்றன. இதற்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்குவது மேல். சோதனை மின்னஞ்சல் வந்து, நடமாட்டத்துக்கு மட்டும் வரவில்லை என்றால், அந்த நிகழ்வுக்கான மின்னஞ்சல் தேர்வும் நேர அட்டவணையும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள்; அதற்கும் "போர்டு போயிடுச்சு" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

தங்கள் கணக்கிலுள்ள எங்கள் வீட்டுப் படங்களை அழித்துவிட்டதாக நிறுவனத்தார் வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் தரும்படியும், அந்த இரண்டாவது முகவரி யாருடையது என்று தெரிவிக்கும்படியும் கேட்டு எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை, வாங்கிய கட்டணமும் திரும்பவில்லை. உங்கள் கேமராவைப் பொருத்தியவர் யாராக இருந்தாலும், அதன் மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்து, அனுப்புநர் யார் என்பதையும், பெறுநர்களுக்கான எல்லா இடங்களிலும் எந்தெந்த முகவரிகள் இருக்கின்றன என்பதையும் இன்றே பாருங்கள்.